கால் படாத இடம்

செப்டம்பர் 3, புதன்

இன்று இவர் வாயைத் திறந்தார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து "ம்", "வேண்டாம்" இரண்டையும் தவிர வேறு பேச்சில்லை. நெஞ்சைத் தைத்தவர்கள் நாக்கையும் சேர்த்துத் தைத்துவிட்டார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "ரிப்போர்ட் எல்லாம் நல்லாருக்கும்மா. நடக்கணும், பேசணும், அவருக்கா ஒரு ஆசை வரணும். அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல" என்றார். இவரோ பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கொல்லைச் சுவரைப் பார்ப்பதோடு சரி. படி இறங்கி ஒரு எட்டு வைப்பதில்லை. இப்படியே சுவரைப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இட்லியை வைக்கும்போது சொன்னார்: "ஆவுடை, கொல்லையில ஒரு சின்னக் குளம் வெட்டுனா தவக்கா வரும்லா?"

சட்னி எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அப்புறம்தான் யோசனை ஓடியது. மின்வாரியத்தில் காலமெல்லாம் கணக்குப் பார்த்த மனுஷன். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் நாளைக்கு என்பவர். இவருக்கு எங்கிருந்து வந்தது தவளை ஆசை? சோழியன் குடுமி சும்மா ஆடாது. யாரோ ஓதியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 4

யாரென்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிரகாசி.

வைகாசியில் வாடகைக்கு வந்தவள். கடற்கரைக்காரி. புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வருவானாம். மகள் பத்தாவது படிக்கிறாள். இவள் மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டு, பாக்கெட் போட்டு விற்கிறாள். முட்டை வாங்கினால்கூட முந்தானையில் மறைத்துக்கொண்டு வருகிற தெரு எங்களுடையது. வீட்டுச் சொந்தக்காரர் மதுரையில் இருக்கிறார், அவருக்கென்ன, நாற்றம் மதுரை வரைக்குமா போகும்?

கடைக்குப் போய்விட்டு வந்தேன். கொல்லைச் சுவருக்கு மேலே அவள் தலை. "எங்க ஊர்ல கிணத்தடியில ஒரு தொட்டி உண்டு அண்ணாச்சி. மழ பெஞ்சிட்டுன்னா தவக்கா கத்துற கத்துல கோயில் மணியே கேக்காது" என்கிறாள். இவர் சிரிக்கிறார். என்னோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதற்கு இவர் பல் தெரியச் சிரித்தார் என்று யோசித்துப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலை இறங்கிவிட்டது, சிரிப்பும் நின்றுவிட்டது.

நான் ரிட்டயரான கணக்கு டீச்சர். அரசுப் பரீட்சைக்குப் பறக்கும் படையில் போய் வருஷம் தவறாமல் பிட்டுப் பிடித்தவள். நான் ஹாலுக்குள் நுழையும்போது சில பிள்ளைகள் சட்டென்று இப்படித்தான் அமைதியாகும்.

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. பேசட்டும், நல்லதுதானே.

செப்டம்பர் 7, ஞாயிறு

கூலிக்கு ஆள் வைத்துக் குளம் வெட்டியாயிற்று. குளம் என்பது பேருக்குத்தான், ஒரு ஆள் மல்லாந்து படுக்கலாம், நடுவில் முழங்கால் ஆழம். கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு அடியில் பழைய சாக்கை விரித்து, மேலே கறுப்புத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் அடுக்கினோம். இவர் நாற்காலியில் இருந்தபடியே "அந்தக் கல்ல இன்னும் கொஞ்சம் தள்ளிவையி" என்று அதிகாரம் பண்ணினார். அதிகாரம் பண்ணினால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம்.

சுவருக்கு மேலே பிரகாசியின் தலை வந்தது. "அக்கா, ஒரு பக்கம் சரிவா விடுங்க. குஞ்சுத் தவக்கா ஏறி வெளிய வரணும்லா. செங்குத்தா இருந்தா முங்கிச் செத்துரும்."

"எங்களுக்கும் தெரியும்" என்றேன். தெரியாது. அவள் போன பிறகு ஒரு பக்கத்தைச் சரித்துவிடச் சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

கிணற்றுத் தண்ணீர் ஏற்றிக் குளத்தை நிரப்பினோம். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்குமாம், தவளைக்கு ஆகாதாம். இதுவும் சுவருக்கு மேலிருந்து வந்த உபதேசம்தான். இவர் நிறைந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இரண்டு தோசை சாப்பிட்டார். அவளும் சுவர் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், "அண்ணாச்சி மொகம் தெளிஞ்சுட்டே!" என்று சொன்னாள் வேறு.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. விளக்கு வைத்ததும் கல்லுப்பை அள்ளி இவருக்குச் சுற்றிப் போட்டேன். உப்பு கரைகிற மாதிரி கண்ணேறும் கரைந்துபோகும். கரைத்த தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும், இந்த வீட்டில் அதுதான் பெரும்பாடு. உள்ளே எங்கும் டைல்ஸ், வெளியே எங்கும் ஆள் நடமாட்டம். இன்றைக்கு அந்தக் கவலையும் தீர்ந்தது. குளத்தில் யார் கால் வைக்கப்போகிறார்கள்? தண்ணீருக்கும் சேர்த்துச் சுற்றி, உப்பைக் கையோடு அதிலேயே போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 26

மழையும் இல்லை, தவளையும் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை.

அக்டோபர் 5, ஞாயிறு

பிரகாசி ஒரு ஆம்பல் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். எதற்குக் கொடுக்கிறாள்? என் வீட்டிலிருந்து அவளுக்கு என்ன வேண்டும்? மஞ்சள் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வைத்தேன்.

அக்டோபர் 18, சனி

மழை!

மத்தியானம் பிடித்தது, பொழுதடையும்வரை விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் சத்தம் வந்தது. தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று. அதற்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கொல்லை முழுக்கப் பட்டிமன்றம்தான்.

இவர் எழுந்து நின்றார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "வந்துட்டுல்லா ஆவுடை" என்றார். எத்தனை தரம் சொன்னாரோ. எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. நானும் பக்கத்தில் போய் நின்றேன், என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணாச்சி, கேக்குதா?" என்று ஒரு குரல். இவர் தோளிலிருந்து கையை எடுத்து, "கேக்கு, கேக்கு" என்று கத்தினார்.

என் கண்ணே பட்டுவிடும் போலிருந்த நேரம். மற்ற கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இரண்டு கைப்பிடி உப்பு போட்டேன்.

அக்டோபர் 22

ஆம்பல் இலைக்கடியில் வழவழவென்று ஒரு சரடு, உள்ளே கறுப்புக் கறுப்பாக மணிகள். இன்னொரு மூலையில் நுரை மாதிரி ஒரு கூடு. முட்டை என்கிறார் இவர். புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறாரா, சுவரில் கேட்டுச் சொல்கிறாரா, தெரியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். காபி கலந்து கொண்டுபோனால் இருவரும் சுவர் ஓரம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன பேசிட்டிருந்திய?"

"தவக்கா பத்திதான்."

தவளையைப் பற்றிப் பேசுவதற்கு ஏன் குரலைத் தணிக்க வேண்டும்? தவளையே தணிப்பதில்லை.

அக்டோபர் 30

தலைப்பிரட்டைகள்! கமா போட்ட மாதிரி குளம் முழுக்க நெளிகின்றன. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கடைசி வீட்டு மதினி, "சொல்லி வச்ச மாதிரி அண்ணாச்சிக்கு ரத்தம் ஊறிட்டு பாருங்க" என்று இவர் கன்னத்தைக் காட்டிச் சொன்னாள். ஐயோ, இப்படியா வாயை வைப்பார்கள்! ஆள் ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று சுற்றிப் போட்டதில் உப்பு ஜாடி காலி. நாளைக்கு வாங்க வேண்டும். இவருக்கு மாத்திரையும் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 3, திங்கள்

தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாக மிதக்கின்றன. நேற்றுச் சாயங்காலம் ஓடிக்கொண்டிருந்தவை.

இவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் குடம் குடமாகத் தண்ணீரை மாற்றி ஊற்றினேன். இதுவும் போய்விட்டால் இவரை எதைக் காட்டி நிறுத்தி வைப்பேன்?

கண் பட்டுத்தான் இப்படி. சந்தேகமே இல்லை. ஒரு பாக்கெட் உப்பை முழுசாகக் கொட்டிச் சுற்றிப் போட்டேன்.

நவம்பர் 5

இன்னும் செத்துக்கொண்டு இருக்கின்றன. இன்னொரு பாக்கெட்.

நவம்பர் 7, வெள்ளி

கோயிலில் கூட்டம், அர்ச்சனைக்கு நிற்காமல் சீக்கிரம் வந்துவிட்டேன். கொல்லைப்பக்கம் போனால், சுவருக்கு அந்தப் பக்கம் பிரகாசி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். வாளிமேல் துணி மூடியிருந்தது. இந்தப் பக்கம் குளத்தோரக் கல்லெல்லாம் ஈரம். ஆம்பல் இலை கலைந்து கிடக்கிறது.

"என்ன பிரகாசி, வாளியில?"

"சும்மா, தண்ணிதான்க்கா" என்றாள். முழித்தாள். இந்த முழியைப் பார்த்துத்தானே நான் சம்பளம் வாங்கினேன்.

இவரிடம், "யாரும் வந்தாவளா?" என்றேன். "தூங்கிட்டேன்" என்றார். வேட்டிக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. குளியலறைக்குப் போயிருப்பார்.

ஆக, நான் இல்லாத நேரம் பார்த்துச் சுவரைத் தாண்டி வந்து என்னவோ செய்கிறாள். ஏன் செய்கிறாள்? இவர் குணமாகி எழுந்து நடந்தால் சுவருக்கு வந்து அவளோடு பேச மாட்டாரே, அதற்காகவா? வேறு எதற்காக இருந்தாலும் நான் எழுத விரும்பவில்லை.

நவம்பர் 10

குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு சண்முகவடிவு வீட்டுக்குப் போனேன். என்னோடு வேலை பார்த்த கெமிஸ்ட்ரி டீச்சர். பள்ளிக்கூட லேப் சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி ஏதோ ஒரு மருந்தைச் சொட்டுவிட்டாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போயிற்று.

"உப்பு டீச்சர். இவ்வளவு உப்புல மனுஷன் குளிச்சாலே அரிக்கும், தலைப்பிரட்டை எப்படித் தாங்கும்? யாராவது இதுல எதுவும் போடுதாங்களா?"

"என் வீட்டுல யாரு போடப்போறா?" என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. உப்பு! இந்தத் தெருவில் மூட்டை மூட்டையாக உப்பு யார் வீட்டில் இருக்கிறது? என் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் அவள் மாடிப்படியில் அடுக்கியிருப்பது என்ன? மீனுக்குப் போட்டது போக மிச்சத்தைக் குளத்தில் கொட்டியிருக்கிறாள். வாளியும் துணியும் இதற்குத்தான்.

சும்மா இருந்திருந்தால் மாட்டியிருக்க மாட்டாள். ஆலோசனை சொல்கிறேன் என்று சுவரில் ஏறி ஏறி வந்தாள். நுணலும் தன் வாயால் கெடும்.

நவம்பர் 11

மதுரைக்குப் போன் பண்ணினேன். வீட்டுக்காரரிடம் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கருவாட்டு நாற்றம், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு, அடுத்த வீட்டுக் கொல்லைக்குள் சுவரேறி வருகிறாள், தண்ணீரில் உப்பைக் கொட்டி உயிர்களைக் கொல்லுகிறாள், எங்கள் வீட்டில் இருதய நோயாளி இருக்கிறார், அவ்வளவுதான். "டீச்சர் நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மத்தியானம் படுத்தும் தூக்கம் மட்டும் வரவில்லை. அவள் மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. ஆனால் அதையெல்லாம் பார்த்தால் முடியுமா?

நவம்பர் 16, ஞாயிறு

மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். பிரகாசி இவரிடம் சுவருக்கு மேலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன், காது அங்கேதான்.

அப்புறம் இவர் என்னிடம் கேட்டார்: "வீட்டுக்காரர்ட்ட யாரு என்ன சொன்னாவளோ, தெரியுமா உனக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். பொய்யில்லை. தெருவில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. போகிற மாதிரி பூக்கூடையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக் கதவுக்கு வந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பிடித்தேன்.

குளத்தோரம் குந்தியிருந்தது இவர். என் புருஷன். படியிறங்காத மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீ வடிகட்டியால் தண்ணீரை மெல்ல மெல்லத் துழாவிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரகாசி வாளியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. "உப்ப அள்ளிப் போட்டுக் கொன்னதும் பத்தாதுன்னு மிச்சத்தையும் அள்ளிட்டுப் போறியா?" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் ஊரை, அவள் தொழிலை. எழுதத் தகுந்ததில்லை.

பிரகாசி இவரைப் பார்த்தாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணாச்சி, இனியும் நான் வாய மூடிட்டு இருக்க முடியாது" என்றாள். "அக்கா, இங்கன வந்து பாருங்க."

அவள் கொல்லைக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. நிழலில் வரிசையாக மீன் வைக்கிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள். எல்லாவற்றிலும் தண்ணீர். எல்லாவற்றிலும் தலைப்பிரட்டைகள், குண்டு குண்டாக, உயிரோடு.

"நீங்க தண்ணியில உப்பக் கொட்டுததை அண்ணாச்சிதான் மொதல்ல பாத்தாவ. செத்து மெதக்குறது அதனாலதான்னு அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்டச் சொல்லிருவோம்னேன். வேண்டாம், அவ எனக்காகச் செய்யுதா, மனசு விட்டுருவான்னாவ. நீங்க கோயிலுக்குப் போற செவ்வாயும் வெள்ளியும் அவிய வடிச்சுத் தருவாவ, நான் வாங்கி இதுல விடுவேன். இவ்வளவுதான்க்கா நாங்க சுவத்துல பேசுனது."

அங்கே ஒரு கவிழ்த்த கூடை கிடந்தது, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மாடிப்படியில் உப்பு மூட்டைகள் வாய் கட்டியபடியே இருந்தன.

நவம்பர் 19

காலையில் இவரிடம் கேட்டேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொல்லியிருந்தா, அவ ஓதுனதுன்னு சொல்லுவ. அவ சொல்லியிருந்தா, எம்புருஷனப் பத்தி எனக்கே சொல்லிக் குடுக்குதியான்னு கேப்ப." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "எம்மேல உள்ள ஆசையில போடுத. அதப் போடாதன்னு எப்படிச் சொல்ல?"

ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இவர் படி இறங்கியிருக்கிறார், குனிந்திருக்கிறார், நிமிர்ந்திருக்கிறார். நான் கோயிலில் நின்று இவர் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இங்கே நடந்துகொண்டிருந்தார். நான் இல்லாதபோதுதான் நடந்தார். எனக்கு வலித்தது.

நவம்பர் 20

மதுரைக்கு மறுபடி போன் பண்ணினேன். நான் சொன்னது தப்பு, உப்பு கொட்டியது நான்தான், அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். ஒளிக்காமல் சொன்னேன்.

"என்னங்க டீச்சர், நீங்க சொல்லித்தானே நான் காலி பண்ணச் சொன்னேன்? வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். சுத்த சைவம். உங்களுக்குத் தோதா இருக்கும்" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

பிரகாசியிடம் போய்ச் சொன்னேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரிடம் பேசியது நான்தான் என்றேன்.

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "தெரியும்க்கா. அவரு உங்க பேரச் சொல்லித்தான காலி பண்ணச் சொன்னாரு."

"அப்போ செவ்வாய்க்கிழமை...?"

"தெரிஞ்சுதான் வாளியோட நின்னேன். தலைப்பிரட்டை என்ன பாவம் செஞ்சுது?" என்றாள். அப்புறம், "அண்ணாச்சிட்ட நான் சொல்லல. அத நீங்களே சொல்லிக்கிடுங்க" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நவம்பர் 22

இவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 26

"ம்." "வேண்டாம்."

நவம்பர் 30, ஞாயிறு

வண்டி வந்தது. கட்டில், பீரோ, அந்தப் பெண்ணின் புத்தக மூட்டை. கடைசியாகத் தெர்மாகோல் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு தாயும் மகளும் டிரைவர் பக்கத்தில் ஏறினார்கள். தெரு ஜன்னல்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. நானும் ஜன்னலில்தான் நின்றேன், வெளியே போகக் கால் வரவில்லை. இவர் எழுந்திருக்கவே இல்லை.

நான் குளத்தை முழுசாக இறைத்துவிட்டு, தார்ப்பாயைக் கழுவிக் காயப்போட்டேன்.

டிசம்பர் 3

மாத்திரையைக் கையில் வாங்கிக்கொள்கிறார், விழுங்குவதில்லை. தலையணைக்கடியில் இருந்து எடுத்தேன். என்னைத் தண்டிப்பதற்கா என்று கேட்டேன். தண்டிக்கத் தெரிந்த மனுஷன் இல்லை இவர், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றிப் போடலாமா என்று கை ஜாடிவரை போயிற்று. போடவில்லை.

டிசம்பர் 5

இவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நானும் சுவரைப் பார்த்தேன். "எனக்குப் பொறாமைங்க" என்றேன். "உங்கள அவ சிரிக்க வச்சா. என்னால முடியல. அதான் எல்லாத்துக்கும் காரணம்." சொல்லிவிட்டு அழுதேன்.

இவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கிறுக்கி."

மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

சாயங்காலம் ஐயர் கடைப் பாலுக்கு நான் கிளம்பும்போது இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழற்றி வைத்த செருப்பு, தூசி படிந்து கிடந்தது.

"பிரகாசி வீடு எங்கன? கால் மொளச்சிருக்கும் இப்போ. பாத்துட்டு வந்துருவோம்." படியில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தார். "நீயும் வாறியா?"

விசாரித்து விசாரித்துப் போனோம். ரயில்வே கேட்டுக்கு அப்பால், வண்டி நிறுத்தும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வீடு. இவர் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பிவிடலாமா என்றேன், கையை ஆட்டி மறுத்துவிட்டு நடந்தார். சாலையெல்லாம் தூசி. நான் முந்தானையை வலது கையில் சுருட்டிப் பிடித்து மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தேன்.

மாடி இல்லாத வீடு. கருவாடு காயப்போட இடமில்லை. நடையிலேயே பெட்டிகள் வைத்திருந்தாள், அதன் பக்கத்தில் பாயில் அந்தப் பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் பிரகாசிக்கு முகமெல்லாம் பல். "அண்ணாச்சி, நடந்தா வந்திய!" என்றாள். இவர் ஒரு பெட்டிப் பக்கம் குந்தினார். பின்னங்கால் முளைத்து, வாலும் இருந்து, இரண்டுங்கெட்டான் பருவத்தில் ஒன்று கல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. "ஆவுடை, இங்க வா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

நான் கிட்டே போனேன். பிரகாசி பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து மெதுவாகப் பெட்டிமேல் வைத்தாள்.

"இருங்கக்கா, சேர் போடச் சொல்லுதேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் என் முகத்தில் இல்லை. சுருட்டிப் பிடித்த முந்தானையில், மூடியிருந்த என் வலது கையில் இருந்தது. அந்தப் பெண்ணும் பேனாவை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். இவர் அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

நான் முந்தானையை விட்டேன். இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிக் காட்டினேன், ஒரு கல் உப்பு இல்லை.

அதற்கப்புறம்தான் பிரகாசி பலகையை எடுத்தாள்.